தாளின் மூலையில் ஒரு வரி

கண்ணுடையோரே, சற்று இங்கே வந்து நில்லுங்கள். ஓர் அநீதி நடந்திருக்கிறது. அதற்குச் சாட்சி தேவைப்படுகிறது. அது நடந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மூவருக்கும் பார்வையில் பழுதில்லை; அவர்களுள் ஒருவர் கண் மருத்துவரே. ஆயினும் மூவரும் "நாங்கள் எதையும் காணவில்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கைகழுவிவிட்டார்கள். ஆகவே நீங்கள் வாருங்கள். வாசலில் நின்று எட்டிப்பார்க்க வேண்டாம். மேசைக்குப் பக்கத்திலேயே வந்து நில்லுங்கள்.

முதலில் அவளைப் பாருங்கள். அந்தப் பெரிய மருத்துவமனையின் தரைத்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே, ஆளொருவர் கையை விரித்தால் இரு சுவரும் தொடுகிற அறை. ஜன்னல் கிடையாது. பார்வையில்லாதவளுக்கு ஜன்னல் எதற்கு என்று அறை ஒதுக்கியவர் எண்ணியிருக்கிறார். காற்று கண் வழியாக உள்ளே போவதில்லை என்பது அவருக்கு எட்டவில்லை. பதினான்கு ஆண்டுகளாக அந்த அறையில்தான் அவள் அமர்ந்திருக்கிறாள். வயது முப்பத்தெட்டு. மருத்துவமனை முழுவதும் அவளை அழைப்பது "ஆபரேட்டரம்மா" என்று.

அவள் முன்னால் இருந்தது பழைய இணைப்புப் பலகை. நூற்று அறுபது இணைப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை. அழைப்பு வந்தால் விசையின் ஓரத்தில் ஒரு சிறு முள் எழும்பும், விரல் அதைத் தொடும், குரல் பேசும். எந்த எண் எந்த வார்டு என்று அவள் மனத்தில் தேடுவதே இல்லை, விரல் தானாகவே போய்விடும். எந்த மருத்துவர் எந்தத் தளத்தில் இருக்கிறார் என்பதை இருமலை வைத்தே சொல்லிவிடுவாள். பயிற்சி மருத்துவர்கள் காலையில் முதல் வேலையாக அவளைத்தான் அழைப்பார்கள்.

"ஆபரேட்டரம்மா, பெரிய டாக்டர் வந்துட்டாரா?"

"வந்துட்டார்."

"மூடு எப்படி?"

"ஹலோன்னு சொல்லல. 'ம்'னு மட்டும்தான் சொன்னார். இன்னிக்கு லீவு கேக்காதீங்க தம்பி."

இப்படி ஓடிக்கொண்டிருந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது. அடுத்த மாதம் முடிந்து வரும் முதல் தேதியிலிருந்து பழைய பலகை அகற்றப்படும், அதன் இடத்தில் ஒரு திரை வைக்கப்படும் என்று உத்தரவு வந்தது. அழைப்பவர் யார், எந்த எண்ணுக்கு என்பதெல்லாம் திரையில் எழுத்தாக ஓடும். முள் இல்லை. விசை இல்லை. கண் ஒன்றுதான் வழி.

கம்பி பொருத்த வந்த தொழிலாளி, அவள் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டே ஒரு செய்தி சொன்னான்.

"பயப்படாதீங்க அக்கா. இதுலயே திரையில இருக்கிறதை எல்லாம் காதுல படிச்சுச் சொல்ற சாஃப்ட்வேர் இருக்கு. கையகலத்துல ஒரு பட்டையும் இருக்கு. ஸ்க்ரீன்ல வர்ற எழுத்து அதுல புள்ளி புள்ளியா எழும்பும், நீங்க தடவிப் படிக்கலாம். உங்க ஆபீஸ்ல எழுதிக் குடுங்க. வந்து இறங்கினா அரை நாள்ல மாட்டிக் குடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன்."

அரை நாள் வேலை. முதல் தேதிக்கோ இன்னும் முப்பத்தேழு நாள் இருந்தது. அன்று காலையே அவள் படியேறினாள்.

கருவிப் பிரிவு முதல் மாடியில். அதன் கண்காணிப்பாளருக்கு ஒரு பெருமை உண்டு: மாலை ஐந்து மணிக்கு அவர் மேசையில் ஒரு தாள்கூடக் கிடக்காது. வந்த தாள் எதுவானாலும் அன்றே திருப்பப்படும், அல்லது முடிக்கப்படும், அல்லது வேறொருவர் தலையில் கட்டப்படும். "நிலுவை ஏதுமில்லை" என்று ஆண்டுதோறும் மேலிடத்துக்குச் சான்று எழுதி, அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். அந்தப் பெருமையை முன்னிட்டு மருத்துவமனை அவருக்கு வைத்திருந்த பெயர் "காலிமேசை". அவருடைய காதுக்கு மட்டும் அந்தப் பெயர் போனதில்லை.

"யார் கூட வந்தீங்க?" என்றார் காலிமேசை.

"யாரும் வரல சார். நானேதான் வந்தேன்."

"மாடிப்படி?"

"இருபத்திரண்டு படி சார். பதினாலாவது படியில ஓரம் உடைஞ்சிருக்கு. சரி பண்ணச் சொல்லுங்க. கண்ணு தெரிஞ்சவங்க யாராவது விழுந்துடப் போறாங்க."

பக்கத்து மேசைகளில் சிரிப்பு எழுந்தது. காலிமேசைக்கு அது பிடிக்கவில்லை.

"இவ்வளவு விவரமா இருக்கீங்களே, அப்புறம் எதுக்கும்மா மெஷினு? துணைக்கு ஒரு ஆளைப் பிடிச்சுக்கிட்டு வந்திருந்தாலாவது, 'தனியா முடியல, பாவம்'னு எழுதலாம்."

"ஆளைப் பிடிச்சுக்கிட்டு வந்திருந்தா, 'அதான் ஆள் இருக்கே, மெஷின் எதுக்கு'ன்னு எழுதியிருப்பீங்க."

நாற்காலி கிறீச்சிட்டது. அவர் முன்னுக்குச் சாய்ந்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"இங்க பாருங்கம்மா. ஃபாரத்துல தெளிவா அச்சடிச்சிருக்கு: விண்ணப்பதாரர் தம் கைப்பட நிரப்ப வேண்டும். உங்களால முடியுமா? முடியாது. நான் பெரிய மனசு பண்ணி எழுதித் தர்றேன். வாசிச்சும் காட்டறேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, போதும்."

பார்வையில்லாதவருக்குக் கருவி கேட்கும் விண்ணப்பம். அதைப் பார்வையில்லாதவர் நிரப்பவும் முடியாது, வாசிக்கவும் முடியாது! பூட்டைச் செய்தவனே சாவியையும் அதற்குள்ளே போட்டுப் பூட்டிய கெட்டிக்காரத்தனம் இது. இதை எழுதி அச்சிட்டு அடுக்கி வைத்து நிர்வாகம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

பேனா ஓடியது. பிறகு காலிமேசை வாசித்தார். குரலில் ஒரு நெளிவும் இல்லை.

"'தொலைபேசிப் பணியைத் தொடர்ந்து செய்வதற்குத் திரைவாசிப்பு மென்பொருளும் புள்ளிப் பட்டையும் எனக்குத் தேவை. முதல் தேதிக்குள் வழங்குமாறு வேண்டுகிறேன்.' சரியா?"

"சரி சார்."

அவள் ஓர் அட்டையின் விளிம்பைக் கோடாக வைத்து, அதன்மேல் தன் பெயரை ஒழுங்காக எழுதினாள். அதன் பிறகு, தான் கையெழுத்திட்ட எந்தத் தாளிலும் செய்வதை இந்தத் தாளிலும் செய்தாள். பைக்குள்ளிருந்து உள்ளங்கையளவு இரும்புச் சட்டத்தையும் மரப்பிடி போட்ட முள்ளையும் எடுத்தாள். தாளைத் திருப்பி, கீழ் மூலையைச் சட்டத்துக்குள் செருகி, அதனடியில் தன் தாள் ஒன்றையும் வைத்து, தடவி வாசிக்கும் பிரெய்ல் புள்ளிகளை டக் டக்கென்று குத்தினாள்.

இந்தப் பழக்கம் பிறந்தது அவளுடைய பத்தொன்பதாம் வயதில். மாணவியர் விடுதியில் "வருகைப் பதிவு" என்று சொல்லி ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மறுவாரம் அது அறையைக் காலி செய்யச் சம்மதக் கடிதமாக வெளியே வந்தது. பெட்டியோடு தெருவில் நின்ற அன்று அவள் ஒரு முடிவெடுத்தாள். தன்னால் வாசிக்க முடியாத தாளில் கையெழுத்திடத்தான் வேண்டுமென்றால், அது என்ன தாள் என்று யார் சொன்னார் என்பதைத் தன்னால் வாசிக்க முடிந்த எழுத்தில் அதன் மூலையிலேயே பதித்துவிட வேண்டும். அடியில் வைத்த தாளிலும் அதே புள்ளிகள் விழும். அது அவளுக்கு நகல்.

"என்னம்மா அது, தையல் போடறீங்களா?"

"அடையாளம் சார்."

"கொசு கடிச்சுத் தடிச்ச மாதிரி இருக்கு" என்று தடவிப்பார்த்துச் சிரித்தார் அவர். தாளைக் கோப்பில் வைத்தார். மாலை ஐந்து மணிக்கு மேசை காலியாகிவிட்டது.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்குக் கடிதம் வந்தது.

வீடு என்பது அவளுடைய தம்பியின் வீடு. தம்பி, தம்பி மனைவி, அவள். தம்பிக்கு அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை. பிறர் எழுதியதில் ஒரு கால்புள்ளி விட்டுப்போனாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணுக்காகவே அவனை அங்கே வைத்திருந்தார்கள். அவளுக்கு வரும் கடிதங்களை வாசிப்பதும் அவனே. உறையைக் கிழித்தான், தாளை விரித்தான், பிறகு குரலில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு வாசித்தான்.

"'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. தாங்கள் கேட்டுக்கொண்டபடியே ஏற்கப்படுகிறது.' அப்படிப் போடு! ஏத்துக்கிட்டாங்கக்கா."

"எப்பலேர்ந்துன்னு போட்டிருக்கா?"

"ம்... 'முதல் தேதி முதல்.' அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

பதினான்கு ஆண்டுகளாகக் குரல்களோடு குடித்தனம் நடத்துகிறவளிடம் அந்த "ம்" வந்து விழுந்தது. அச்செழுத்தை வாசிக்கையில் தம்பிக்கு ஒரே சீரான வேகம். வண்டி தண்டவாளத்தில் போகிற மாதிரிப் போகும். இன்றைக்கு அந்த வண்டி நடுவழியில் ஒருமுறை நின்று புறப்பட்டது. ஏறவேண்டியவர் யாரோ அங்கே ஏறாமல் விடப்பட்டிருக்கிறார்.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும், தைத்துக்கொண்டிருந்த தம்பி மனைவியின் மடியில் அந்தக் கடிதத்தை வைத்தாள்.

"வாசிம்மா."

"ஐயோ அண்ணி, நான் அஞ்சாவதுதான் படிச்சேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும்."

"எழுத்துக் கூட்டியே வாசி. நேரம் ஆனா ஆகட்டும். ஒரு எழுத்தைக்கூடத் தாண்டாதே."

தையல் எந்திரம் நின்றது. அந்தப் பெண் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு, கல்லும் முள்ளும் நிறைந்த பாதையில் வெறுங்காலோடு நடப்பவளைப் போல நடந்தாள். தாண்டிக் குதிக்க அவளுக்குத் தெரியாது. தெரியாததே அன்றைக்கு நேர்மையாயிற்று.

"'தங்கள் மனு ப-ரி-சீ-லிக்கப்பட்டது. தாங்கள் கேட்டுக்கொண்டபடியே ஏற்... ஏற்கப்படுகிறது. துணைக்கருவி எதுவும் தமக்குத் தேவையில்லை என்றும்...'" அவள் நிறுத்தினாள். "அண்ணி, இது நேத்து அவர் வாசிச்சப்போ வரலையே."

"மேல போ."

"'...தேவையில்லை என்றும், மாற்றுப் பணிக்குத் தமக்குச் சம்மதம் என்றும் தாங்களே எழுதிக் கொடுத்துள்ளதால், தாங்கள் தொலைபேசிப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, முதல் தேதி முதல் சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் பிரிவுக்கு மாற்றப்படுகிறீர்கள்.'"

ஆபரேட்டரம்மா கையை நீட்டிக் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். தெருவில் ஒரு வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

மாலையில் தம்பி செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டபோது கடிதம் அவள் கையில் இருந்தது.

"மூணு வரி எங்கடா?"

அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "உன்னை யாரு வாசிக்கச் சொன்னா?"

"நான்தான் சொன்னேன். என்கிட்டப் பேசு. மூணு வரி எங்க?"

"உனக்காகத்தாங்கா விட்டேன். கேட்டா உடைஞ்சு போயிடுவேன்னு நினைச்சேன். அப்புறமா மெதுவாச் சொல்லிக்கலாம்னு..."

"எப்ப? முதல் தேதி சலவைக்கூடத்து வாசல்ல நிக்கும்போதா?"

"அதுல என்ன குறைச்சல்? உட்கார்ந்த இடத்துல துணி மடிக்கிற வேலை. டாக்டருங்க போன்ல கத்தறதைக் கேக்க வேண்டாம். நிம்மதியா இருக்கலாம். உனக்கு ஏன் இந்த வீம்பு?"

"அச்சகத்துல ஒரு கால்புள்ளியை விட்டா முதலாளி உன்னை உரிச்சுத் தொங்க விட்டுடுவாரு. என் கடிதத்துல மூணு வரியை முழுங்கிட்டு, சிரிச்சுக்கிட்டு வந்து 'அப்படிப் போடு'ங்கறே."

"நான் உனக்குக் கெட்டது நினைப்பேனாக்கா?"

"உன்னை நினைக்கச் சொல்லல. வாசிக்கச் சொன்னேன்."

அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. "இத்தனை வருஷம் உனக்குக் கண்ணா இருந்ததுக்கு நல்ல பேச்சு கேட்டாச்சு! இனிமே உன் கடிதத்தை நீயே வாசிச்சுக்கோ!"

"அதுக்குத்தான்டா அந்தக் கருவியைக் கேக்கறேன்" என்றாள் அவள். "இத்தனை நாளும் அது போர்டுக்குத் தேவைன்னு நினைச்சேன். வீட்டுக்கு அதைவிடத் தேவைன்னு நீதான் புரிய வெச்சே."

கண்ணாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு இமையை மூடுகிற உறவுகளே, கேளுங்கள்! பகைவன் ஒரு வரியை மாற்றி எழுதினான். உடன்பிறந்தவன் அதையும் வாசிக்காமல் விட்டான். ஒருவன் வஞ்சகத்தால் செய்ததை மற்றவன் பாசத்தால் முடித்து வைத்தான். இரண்டுக்கும் நடுவே நசுங்கியவள் ஒருத்தியே. அவள் கேட்டது இரக்கமன்று. தன் பெயருக்கு வந்த தாளைத் தானே முதலில் வாசிக்கும் உரிமை. உங்களுக்கெல்லாம் கேட்காமலே கிடைத்திருக்கிற உரிமை.

ஐந்து நாள் ஒவ்வோர் அறையாக ஏறி இறங்கி, அவள் ஒரு விசாரணையைப் பெற்றாள். இருபத்தைந்தாம் தேதி, முதல் தேதிக்கு இன்னும் ஆறு நாள். முதல் மாடியின் கோடியில் கூட்ட அறை. நீள மேசைக்கு அப்புறம் தலைவராகக் கண் மருத்துவர், வலப்பக்கம் காலிமேசை, இடப்பக்கம் கணினிப் பிரிவுக்காரர். கணினிப் பிரிவுக்காரரைப் பற்றி ஒன்று சொன்னால் போதும்: அவர் யார் பேசினாலும் "ஆமா சார்" என்பார், பேசாமல் இருந்தாலும் "ஆமா சார்" என்பார்.

அவள் தடியை மடக்கி, நாற்காலியின் முதுகைத் தொட்டு, உட்கார்ந்தாள்.

"பார்த்தீங்களா" என்றார் கண் மருத்துவர். "எவ்வளவு அழகா வந்து உட்கார்றாங்க! கொஞ்சம் பார்வை மிச்சம் இருக்கு போல."

"ஆமா சார்."

"நீங்களே பதினாலு வருஷம் முன்னாடி பரிசோதனை பண்ணி, துளியும் இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்க டாக்டர். அந்தச் சான்றாலதான் இந்த வேலையே கிடைச்சது. நாற்காலி எப்பவும் மேசைக்கு எதிர்லதானே இருக்கும்? கூரையிலயா தொங்கும்?"

காலிமேசை கோப்பை விரித்து ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"ஃபாரத்துல ரெண்டு கட்டம் இருக்கு சார். 'கருவி தேவை'ன்னு ஒண்ணு. 'தேவையில்லை, மாற்றுப் பணிக்குச் சம்மதம்'னு ஒண்ணு. இவங்க சொன்னபடி ரெண்டாவது கட்டத்துல எழுதினேன். வாசிச்சுக் காட்டினேன். கையெழுத்துப் போட்டாங்க. இப்ப மாத்திப் பேசறாங்க. ஏம்மா, இது உங்க கையெழுத்துதானே?"

"கையெழுத்து என்னுதுதான். நீங்க வாசிச்சது இது இல்ல."

"சாட்சி?"

"இந்தத் தாளே சாட்சி."

அவள் விரல் தாளின் விளிம்போடு ஓடியது. கீழ் மூலைக்கு வந்ததும் நின்றது. பின் மெல்ல நகர்ந்தது. அவள் உரக்க வாசித்தாள்:

"'கருவி கேட்கும் மனு. காலிமேசை வாசித்தார். தேதி இருபத்து நான்கு.'"

கணினிப் பிரிவுக்காரரிடமிருந்து அடக்கமாட்டாமல் ஒரு மூச்சு பிய்த்துக்கொண்டு வந்து, இருமலாக வேடம் போட்டது.

"யாரு காலிமேசை?" என்றார் காலிமேசை.

கணினிப் பிரிவுக்காரர் இன்னொரு முறை இருமினார். அந்த இருமலிலேயே காலிமேசைக்குப் பதில் கிடைத்தது. பதினைந்து ஆண்டாகத் தன் முதுகுக்குப் பின்னால் புழங்கிய பெயர், தன் கோப்பிலேயே, தன் மூக்குக்குக் கீழேயே, தன்னைத் தவிர எவரும் தடவிப்பார்த்திராத மூலையில் குத்தப்பட்டிருக்கிறது! முகம் எப்படி மாறியது என்று அவளுக்குத் தெரியாது. மேசையில் கிடந்த உருளைக் கோல் அவர் கைக்குப் போன சத்தம் மட்டும் கேட்டது. கோடு போட வைத்திருக்கும் கனத்த மரக்கோல் அது. தாளை அவள் விரலுக்கடியிலிருந்து வெடுக்கென்று இழுத்து, மூலையின்மேல் கோலை வைத்து, உடம்பின் பாரமெல்லாம் கொடுத்து உருட்டினார். ஒருமுறை. இருமுறை. மூன்றாம் முறை பற்களைக் கடித்துக்கொண்டு உருட்டினார்.

"இந்தா. இப்ப வாசி" என்றார். மரியாதைப் பன்மையும் நசுங்கிவிட்டிருந்தது.

அவள் தொட்டாள். தாள் வழுவழுத்தது. கண்ணுள்ள ஒருவருடைய எழுத்தை இன்னொருவர் அழித்தால் சட்டமும் கூச்சலும் கிளம்பும். அவளுடைய எழுத்தை இரண்டு மேன்மக்கள் முன்னிலையில் ஒரு மனிதர் உருட்டித் தேய்க்கிறார். அறையில் மின்விசிறி மட்டுமே சுழல்கிறது.

"அழிச்சாச்சா சார்?" என்று கேட்டாள்.

"என்னத்தை அழிச்சேன்? அங்க என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லாததை எதுக்கு மூணு தடவை உருட்டினீங்க?" அவள் பையைத் திறந்து, தன் தாளை எடுத்தாள். "அடியில வெச்ச தாள் என்கிட்ட இருக்கு. கம்ப்யூட்டர் சார், நீங்க ரெண்டையும் எடுங்க. ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு ஜன்னல் வெளிச்சத்துல பிடிங்க. மேடு நசுங்கும், ஆனா முள்ளு குத்தின வடு போகாது. எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்."

கணினிப் பிரிவுக்காரர் தயங்கி எழுந்தார். ஜன்னலுக்குப் போனார். இரண்டு தாளையும் ஒட்டிப் பிடித்தார்.

"என்னய்யா?" என்றார் மருத்துவர்.

"புள்ளி... தெரியுது சார். ஒண்ணு மேல ஒண்ணு சரியா உட்காருது." காலிமேசையின் நாற்காலி கிறீச்சிட்டது. கணினிப் பிரிவுக்காரர் குரல் உடனே சுருங்கியது. "ஆனா அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"

"பார்வையில்லாதவங்க பள்ளிக்கூடத்துக்கு ஒரு போன் போடுங்க" என்றாள் அவள். "நம்பர் நான் சொல்றேன். யாராவது ஒருத்தர் வந்து வாசிக்கட்டும்."

"யார் யாரையோ கூப்பிட்டு வாசிக்க வைக்க இது என்ன பொதுக்கூட்டமா?" என்றார் காலிமேசை. "அலுவலகத்துல யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்து, எழுத்தே இல்ல."

"உங்களுக்கு வாசிக்கத் தெரியலைன்னா எழுத்து இல்ல. எனக்கு வாசிக்கத் தெரியலைன்னா நான் ஆளே இல்ல. நல்லா இருக்கு சார் நியாயம்."

மருத்துவர் கைக்கடிகாரத்தைத் திருகினார். அவருக்கு வேறு வேலை இருந்தது. தீர்மானம் அங்கேயே எழுதப்பட்டது. அதை முழுவதும் வாசிக்க வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றதால், கணினிப் பிரிவுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு வாசித்தார்:

"'குறிப்பிட்ட தாளின் மூலையில் எழுத்து எதையும் குழு காணவில்லை. விவகாரம் அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது. மாறுதல் ஆணை அதுவரை நடப்பில் இருக்கும்.'"

மூவரும் கையொப்பமிட்டார்கள். பார்த்தவரும் இட்டார். தாள் அவளிடம் வந்தது. அவள் கையெழுத்தும் விழுந்தால்தான் கோப்பை மூட முடியும், மணியோ நாலே முக்கால். அவள் பையிலிருந்து சட்டத்தையும் முள்ளையும் எடுத்தாள்.

"குத்தக் கூடாது!" என்று பாய்ந்தார் காலிமேசை.

"அப்ப கையெழுத்து கிடையாது. கோப்பு ராத்திரி பூரா உங்க மேசையிலேயே கிடக்கட்டும். நாளைக்கும் கிடக்கட்டும்."

கடிகாரம் நகர்ந்தது. தன் அறைச் சுவரில் மாட்டிய சான்று அவர் மனக்கண்ணில் வந்து நின்றது. பதினைந்து ஆண்டில் ஒரு தாள்கூடத் தங்கியிராத மேசை! அவர் பெருமூச்சு விட்டு, கையை உதறினார்.

அவள் நிதானமாகக் குத்தினாள். அடியில் தன் தாளை வைத்துக் குத்தினாள். "என்னதான் எழுதறீங்க?" என்று மருத்துவர் கேட்டதற்கு, "யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்துதானே டாக்டர், விடுங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் குத்தியது இது: "மூன்று பேர் பார்த்தார்கள். காணவில்லை என்று எழுதினார்கள்."

பிறகு கையெழுத்திட்டாள். படியிறங்கினாள். பதினான்காம் படியின் உடைந்த ஓரம் அப்படியே இருந்தது. தன் அறைக்குள் போய்க் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, எழும்பி நின்ற முள்ளொன்றைத் தொட்டு, "மருத்துவமனை, சொல்லுங்க" என்றாள். யாரோ ஒரு தாய், குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது என்று பதறினாள். மூன்றாவது நொடியில் குழந்தைகள் பிரிவு அவளுக்குக் கிடைத்தது.

ஆறு நாள் இருக்கிறது. ஆறாம் நாள் கழிந்தால் அந்த முட்கள் பிடுங்கப்படும். நூற்று அறுபது எண்களைச் சுமந்த விரல்கள் போர்வை மடிக்கும். அரை நாளில் தீர்கிற காரியத்துக்கு ஒரு வாழ்க்கையைக் காவு கொடுத்துவிட்டு, ஒரு மேசை சுத்தமாக இருக்கும்.

கண்ணுடையோரே, நீங்கள் இப்போது பார்த்துவிட்டீர்கள். "காணவில்லை" என்று எழுதும் வாய்ப்பு உங்களுக்கு இனி இல்லை. உங்கள் வீட்டில் எவருக்காவது கடிதம் வாசிக்கிறீர்களா? இன்றே எடுத்து, விட்ட வரியைச் சேர்த்து வாசியுங்கள். உங்கள் அலுவலகத்தில் பார்வையில்லாத ஒருவரின் கையெழுத்து விழுந்த தாள் இருக்கிறதா? அவருக்குத் தெரிந்த எழுத்தில் அதை நாளைக்குள் அவர் கையில் கொடுங்கள். கருவி கேட்ட மனு எந்தக் கோப்பிலாவது படுத்திருக்கிறதா? எழுப்புங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. தொலைபேசியை எடுங்கள். மருத்துவமனையை அழையுங்கள். அவளே பேசுவாள். "கருவிப் பிரிவுக் கண்காணிப்பாளர் வேண்டும்" என்று சொல்லுங்கள். அவளே இணைப்புக் கொடுப்பாள். அவரிடம் உரக்கச் சொல்லுங்கள்: அந்தத் தாளை எடு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடி, வாசிக்கத் தெரிந்தவரை வரவழை, முதல் தேதிக்குள் அவள் மேசையில் கருவியை வை. அவர் வைத்துவிட்டால் மறுபடி அழையுங்கள். ஒருவர் மாற்றி ஒருவர் அழையுங்கள். அந்த மேசையை இன்று மாலை ஐந்து மணிக்குக் காலியாக விடாதீர்கள்.